சிரட்டைக்குள் குடியிருந்தவள்

என் மருமகன் பெனிஷ் எறும்பு படிக்கிறான். எறும்பைப் பற்றிப் படிக்கிறான் என்று சொல்ல வேண்டுமாம். என் மகள் ஷைஜா திருத்துவாள். இரண்டுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு, கீரிப்பாறை போகிற வழியில் இருக்கும் என் வீட்டிலேயே இருவரும் தங்கிவிட்டார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இவன் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு என் ரப்பர் தோட்டத்தில் பூதக்கண்ணாடியோடு குப்புறக் கிடக்கிறான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு தோட்டத்தில் பால் வெட்டுவது நான்தான். நேசபாய் வெட்டினால் மரத்துக்கு நோகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் வெட்டு கிடையாது. பால் பிடிக்க மரத்தில் மாட்டியிருக்கும் தேங்காய்ச் சிரட்டைகளைத் தூசியும் சருகும் விழாதபடி கவிழ்த்து வைத்துவிடுவோம். அப்படிக் கவிழ்த்த ஒரு சிரட்டைக்குள்தான் பெனிஷ் அதைக் கண்டுபிடித்தான். அன்று அவன் ஓடி வந்த வேகத்தைப் பார்த்துப் பாம்புதான் கடித்துவிட்டதோ என்று நான் பதறிப்போனேன்.

"மாமி, வாங்க, ஒண்ணு வந்து பாருங்க!"

சிரட்டையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை என் கையில் தந்தான். உள்ளே பொடிப்பொடியாகத் தவிட்டு நிற எறும்புகள். நடுவில் பெருத்த ஒரு ராணி. அவள் முதுகில் ஒட்டிக்கொண்டு வெளிறிப்போன இன்னொரு குட்டி எறும்பு.

"மேல இருக்கது வேற எனம் மாமி. அதுவும் ராணிதான். ஆனா சொந்தமா கூடு கெடையாது, வேலைக்கு ஆளு கெடையாது. அடுத்த எறும்புக்க கூட்டுல கேறி இருந்து, அதுக ஊட்டுகத தின்னும், முட்ட இடும், அவ்வளவுதான். நம்ம பக்கத்துல இத இதுவரைக்கும் யாருமே பாத்ததில்ல."

"கொள்ளாமே, நல்ல பொழப்பு! ஒரு சோலியும் செய்யாம தின்னுட்டு முதுகுலயும் ஏறி இருக்கா. ராணிண்ணா இவல்லா ராணி" என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பெங்களூரில் இருக்கும் அவனுடைய சார் வந்து பார்க்கிறவரை யாரும் தொடக் கூடாது என்று அந்த மரத்தில் ஒரு சிவப்பு நூலையும் கட்டி வைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என் அண்ணன் ஞானசிங் சாப்பிட வந்தார். மீன்குழம்பை ஊற்றும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். எறும்புக் கதையை எடுத்துவிட்டேன். அண்ணன் பெனிஷைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்போ நம்ம மருமவனுக்க சொந்தக்காரின்னு சொல்லு. இருந்த எடத்துல சோறு."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "அவன் தின்னா நான் போடுகேன். ஆயுசு முழுக்க இருந்து தின்னட்டும். உனக்கு எங்க வலிக்கு?"

பரிந்துகொண்டுதான் பேசினேன். ஆனால் பெனிஷின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான்.

இரண்டு நாள் கழித்து ஷைஜா வந்து நின்றாள். "சனிக்கெழம நாங்க நாகர்கோயிலுக்கு மாறுகோம், அம்மா. வாடகைக்கு வீடு பாத்தாச்சி. சாமான் ஏத்த வண்டியும் சொல்லியாச்சி."

"போங்க, நல்லா போங்க. எனக்கு சமையல் மிச்சம்" என்றேன்.

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. காலையில் எழுந்ததும் அவனோடு ஒரு சண்டை போட்டால்தான் எனக்கு டீயே இறங்கும். அவன் போய்விட்டால் நான் சுவரோடா சண்டை போடுவது? போகாதே என்று சொல்லவும் வீம்பு விடவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் தோட்டத்தில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. மரமெல்லாம் தளிர்த்துவிட்டதால் மறுபடி வெட்டுத் தொடங்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு சிரட்டையாக எடுத்து, மரத்தில் தட்டி, உள்ளே காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, நிமிர்த்தி வைக்க வேண்டும். இது என் வேலையாயிற்றே, யார் செய்கிறது என்று போய்ப் பார்த்தால் பெனிஷ்! போகிற போக்கில் மாமிக்கு ஒரு வேலையாவது முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற ரோஷம். செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறான். நல்ல கை வேகம்தான்.

"அய்யோ!" என்று அலறினான்.

அந்த வேகத்தில் சிவப்பு நூலைக் கவனிக்கவில்லை. தன்னுடைய கூட்டையே தட்டிவிட்டான்.

முட்டைகள் சருகில் சிதறிக் கிடந்தன. எறும்புகள் நாலாபக்கமும் ஓடின. அவன் அப்படியே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சி மாமி. எல்லாம் போச்சி."

"ஏலே, எழும்பு. ஒப்பாரி பொறவு வைக்கலாம். வெளக்கக் காட்டு."

அதே சிரட்டையைப் பக்கத்தில் கவிழ்த்து, எறும்பு நுழைவதற்கு ஓரத்தில் ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தேன். பிறகு நானும் அவனோடு சேர்ந்து குப்புறப் படுத்தேன். யாராவது பார்த்திருந்தால் இந்த வீட்டில் இரண்டு பேருக்குப் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள்.

முதலில் இரண்டு மூன்று எறும்புகள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பின. பிறகு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தன. ராணியை மட்டும் காணோம்.

"அந்நா! மாமி, அந்நா வருகா!"

ஒரு சருகின் அடியிலிருந்து பெரிய ராணி வெளியே வந்தாள். முதுகில் அந்தக் குட்டி ராணி பிடி விடாமல் இருந்தாள். நாலைந்து எறும்புகள் சுற்றி நின்று, இழுத்தும் தள்ளியும், இரண்டு பேரையும் சேர்த்தே சிரட்டைக்குள் கொண்டுபோய்விட்டன.

"கர்த்தாவே! வீடே இடிஞ்சி கெடக்கு. இப்பமும் அவள எறக்கி விடாம சொமக்குதே. எதுக்கு டே?"

"கூட இருந்து இருந்து அந்தக் கூட்டுக்க மணம் அவளுக்கும் ஏறிரும் மாமி. பொறவு அதுக வித்தியாசம் பாக்காது. அவளும் அந்த வீட்டு ஆளுதான்."

நான் அவன் கையைப் பிடித்து மோந்து பார்த்தேன். ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் முழங்கை வரை அடித்தது. அதே கையை அவன் மூக்கிலேயே வைத்து அழுத்தினேன்.

"மோந்து பாரு. எனக்க மேல அடிக்குற அதே நாத்தம். இத வச்சிட்டு நாகர்கோயில்ல எவன் டே உனக்கு வீடு தருவான்?" அதற்குமேல் எனக்கு வீம்பு நிற்கவில்லை. "போவாத மக்கா. நீ இல்லாம எனக்கு முடியாது."

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் ஷைஜா டீயோடு வந்து, மண்ணில் கிடக்கும் எங்கள் இருவரையும் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"ஷைஜா, அந்த வண்டிக்காரன வராண்டாம்னு சொல்லிரு" என்றான் பெனிஷ்.

"ஏன், என்னாச்சி?"

"மாமிக்கு இன்னும் பாதி மரத்துல சிரட்ட தட்டணும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை இவர்கள் பார்த்துவிடக் கூடாதே! "ஏட்டி, இது டீயா, வெந்நீரா? சீனி போட்டியா இல்லியா?" என்று, ஒரு வாய்கூடக் குடிக்காமலே மகள்மேல் எரிந்து விழுந்தேன்.