பாஸ்கோ வீட்டு அக்கார்டியன்

கிளைவ் பாஸ்கோவின் ஆன்டெனா கம்பம் என்னுடையதைவிடப் பத்தடி உயரம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எங்கள் போர்ட் லிங்கன் ஊரில், வீட்டிலிருந்தே வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை அரட்டையைப் பதினோரு வருஷமாக நடத்துபவன் நான். யார் பேசலாம், யார் காத்திருக்கலாம் என்பதெல்லாம் என் கையில். அந்த இடத்துக்கு நேற்று வந்த பாஸ்கோவைப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவன் குரல் அப்படி. அவன் கூப்பிட்டால் நியூசிலாந்துக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். நான் கூப்பிட்டால் இரைச்சல்தான் பதில் சொல்லும்.

புதன்கிழமை மாட்டினான். டாஸ்மேனியாக்காரர் ஒருவரோடு அவன் பேசும்போது, பக்கத்து அறையில் அவன் மனைவி வாசித்த அக்கார்டியன் அப்படியே ஒலிபரப்பாகிவிட்டது. எங்கள் அலைவரிசையில் வியாபாரப் பேச்சு ஆகாது, ரகசியக் குறியீடு ஆகாது, பாட்டுக் கச்சேரியும் ஆகாது. முழுவதையும் பதிவு செய்துகொண்டேன்.

ஞாயிறு காலை, இனி அரட்டையை யார் நடத்துவது என்ற ஓட்டெடுப்புக்கு முன்னால் மைக்கைப் பிடித்தேன்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? பாஸ்கோ பண்ணின காரியத்தைக் கேளுங்க!"

பதிவை ஓடவிட்டேன். முழுசாகக் கேட்டால்தான் உறைக்கும் என்று மூன்று நிமிஷம் மைக்கின் பொத்தானை விடவே இல்லை.

விட்டதும் சங்கச் செயலாளர் மார்ஜரி கேட்டாள்: "நெவில், இப்ப எந்த ஸ்டேஷன்லேர்ந்து பாட்டு வந்துச்சு?"

"பாஸ்கோ வீட்டுலேர்ந்து!"

"அது புதன்கிழமை. நான் இன்னிக்குக் கேக்கறேன்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவன் வீட்டில் கதவிடுக்கில் கசிந்ததை, நான் ஊரைக் கூட்டிவைத்துக் கச்சேரியாகவே நடத்தியிருந்தேன்.

"நேயர் விருப்பம் உண்டாய்யா நெவில்?" என்று எவனோ சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே புதிதாக ஒரு குரல் வந்தது. "நியூசிலாந்து, இன்வர்கார்கில்லேர்ந்து பேசறேன். அக்கார்டியன் போட்ட ஸ்டேஷன் யாருங்க? கணீர்னு கேட்டுச்சு!"

பதினோரு வருஷத்தில் என்னைத் தேடிவந்த முதல் நியூசிலாந்துக்காரர். என் ஸ்டேஷனின் அழைப்புக் குறியைச் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. சொல்லாமல் பேசினால் அது இன்னொரு குற்றம். பொத்தானில் விரலை வைத்தேன், எடுத்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கப்பா," என்றான் பாஸ்கோ, அந்தப் பாழாய்ப்போன குரலில். எல்லாரும் சட்டென்று அடங்கினார்கள். "நெவில், உன்னைத்தான் கூப்பிடறாங்க. நீ பேசு."

அதற்குப் பிறகு ஓட்டெடுப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.