கழுவாத வலை

குருநகர்க் கரையில் ஒரு விடியற்காலை, கொட்டி வைத்த சூடைமீன் குவியலுக்குள் தலையை விட்டு, வால் மட்டும் வெளியே தெரிய நின்ற நாய்க்குட்டியைத்தான் மரியரட்ணம் தூக்கிக்கொண்டு வந்தார். அதனால் அதற்குப் பெயரும் சூடை. கேட்டவர்கள் சிரித்தார்கள். சூடைக்கு அதில் கவலை இல்லை. கூப்பிட்டவுடன் சாப்பாடு வரும் என்றால் எந்தப் பெயரும் நல்ல பெயர்தானே.

அது ஏழு வருடத்துக்கு முந்திய கதை. இப்போது சூடை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், நாலு பக்கமும் மதில் கட்டிய வளவுக்குள் படுத்துக் கிடந்து தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கி மயிர் போய், தோல் போய், உள்ளே சிவப்புத் தெரிந்தது. மரியரட்ணத்தின் மனைவி கத்தரீனா அதைப் பார்க்கும் போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மரியரட்ணத்துக்கு இடுப்பு விட்டுப்போனது. வள்ளம் தள்ள ஏலாது என்று வைத்தியர் சொன்ன மாதமே மகள் ஜெசிதாவுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து யோசித்து, திருநெல்வேலியில் நாகேஸ்வரி அம்மாவின் பின்வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். மரியரட்ணம் பக்கத்துத் தெருவில் பெடியள் தங்கும் விடுதிக்குக் காவலாளியானார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சூடையைத் தவிர.

முதல் மாதம் அது நாகேஸ்வரி அம்மாவின் கத்தரிக் கன்றுகளைக் கிண்டி எறிந்தது. அடுத்ததாக அவவின் செருப்பு. பிறகு கேற்றடியில் இருந்து ஊளை. மூன்றாம் மாதம் ஊளையும் நின்றது. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில்தான் காலை நக்கத் தொடங்கியது.

மிருக வைத்தியர் பூசுவதற்கு மருந்து கொடுத்தார். மருந்தையும் சேர்த்து நக்கியது. கத்தரீனா செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். நாயை இன்னும் சுத்தமாக வைத்திருந்தால் புண் ஆறும் என்று நினைத்து, கிழமைக்கு இரண்டு தரம் குளிக்க வார்த்தவள், மூன்று தரம் வார்த்தாள்.

சுத்தத்தில் கத்தரீனாவுக்கு ஒரு வெறி இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. குடிவந்த புதிதில் பலாலி வீதி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒருத்தி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "வெடுக்கு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். மீன் நாற்றத்துக்கான ஒரு சொல்தான். வீட்டுக்கு வந்த கத்தரீனா கொண்டுவந்த கூடை, பாய், மரியரட்ணத்தின் சாரங்கள், தொட்டி, கத்தி, நாயின் சாக்கு எல்லாவற்றையும் சவர்க்காரத்தூள் போட்டு ஊறவைத்தாள். நாகேஸ்வரி அம்மா சைவம். அவவுக்கு முன்னால் அந்தச் சொல் இன்னொரு தரம் வரக்கூடாது. குருநகரின் மணம் ஒரு நூல்கூட வீட்டில் மிச்சமில்லாமல் கழுவித் துடைத்தாள்.

ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை நாகேஸ்வரி அம்மா இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியோரம் வந்து நின்றா.

"கத்தரீனா, நான் பொல்லாத மனுசி இல்லை. ஆனா கத்தரிக்கண்டு எட்டு, செருப்பு ஒரு சோடி. இப்ப உந்தப் புண்ணும். பார்க்கச் சகிக்கேல்லை. வாற ஞாயிறுக்குள்ளை ஒரு வழி பாரும்."

மரியரட்ணம் அன்றைக்கே வழி பார்த்துவிட்டார். விடுதியில் படிக்கும் ஒரு பெடியனின் தகப்பன், ஜெபசீலன், உடுப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். பம்புக் கொட்டிலடியில் கட்ட ஒரு நாய் வேணும் என்றாராம். ஞாயிறு ஆராதனை முடிய வந்து ஏற்றுவார்.

"கட்டவோ?" என்றாள் கத்தரீனா.

"கட்டத்தான். தோட்டத்திலை அவிட்டு விட்டால் வெங்காயப் பாத்தி என்னத்துக்காகும்?"

"அவன் ஒரு நாளும் கயிறு காணாதவன்."

"எனக்குத் தெரியாதே?" மரியரட்ணம் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்தார். ஏழு வருடம் தன் காலடியில் வள்ளத்தில் இருந்த நாய். அவருக்கு மட்டும் மனம் கல்லா?

வியாழக்கிழமை பத்து மணியளவில் கிறிஸ்ரோபர் சைக்கிளில் வந்தான். மரியரட்ணத்தோடு பத்து வருடம் ஒரே வள்ளத்தில் போனவன். காரியரில் ஒரு உரப்பை.

"அக்கா, உங்கடை வீட்டுக்கார அம்மாவுக்குப் பாவல் பந்தலுக்கு வலை வேணுமெண்டு அண்ணை சொன்னவர். ரெண்டு இடம்தான் பீத்தல். பாவற்காய் ஓட்டைக்குள்ளாலை தப்பி ஓடாதுதானே."

"உதைக் கழுவிக் கொண்டு வாறதில்லையே, கிறிஸ்ரோபர்?"

"முந்தாநாள் வரைக்கும் கடலுக்குள்ளைதான் கிடந்தது. அதைவிடக் கழுவவோ?"

அவன் பையை முற்றத்தில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். காய்ந்த சாதாளைப் பாசி, சிப்பித் துண்டு, செதிள், எல்லாம் வலையோடு ஒட்டிக்கொண்டு இருந்தன. முற்றம் முழுக்கக் கடல் மணத்தது. நல்லகாலம், நாகேஸ்வரி அம்மா இணுவிலுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. வருவதற்குள் கழுவிக் காயப்போட வேண்டும். கத்தரீனா உள்ளே ஓடிச் சவர்க்காரத்தூள் பைக்கற்றை எடுத்தாள். வாளியை நிரப்பினாள்.

திரும்பி வந்தால், வலைக்கு மேலே சூடை.

விரட்டத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

சூடையின் மூக்கு ஒரு முடிச்சில் நின்றது. அடுத்த முடிச்சுக்குப் போனது. பிறகு திரும்பி முதல் முடிச்சுக்கே வந்தது, வாசித்த வரி விளங்காமல் இன்னொரு தரம் வாசிக்கிற பிள்ளையைப் போல. வால் மெல்ல ஆடியது. மூன்று மாதமாக அந்த வால் ஆடி அவள் காணவில்லை. மடிப்புக்குள் மூக்கை விட்டு ஊதியது. காலால் ஒரு விளிம்பைத் தூக்கியது. எங்கோ சிக்கியிருந்த காய்ந்த நண்டுக்கால் ஒன்றைக் கண்டுபிடித்துக் கறுக்கென்று கடித்தது. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். அவசரமே இல்லை. சுவர் மணிக்கூட்டில் ஒரு மணித்தியாலம் போனது. பிறகு சூடை வலையின் நடுவில் மூன்று தரம் சுற்றிவிட்டுப் படுத்தது. காலைத் தூக்கி ஒரு தரம் பார்த்தது. நக்கவில்லை. குறட்டை விட்டு நித்திரையானது.

கத்தரீனா பைக்கற்றை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள்.

கரையில் இந்த நாய் என்ன செய்தது என்று இப்போதுதான் யோசித்துப் பார்த்தாள். வலை உதறும் இடத்தில் பின்னாலே போகும். விழுந்ததைத் தேடும். ஒரு நாள் கிளாத்தி மீன், ஒரு நாள் திரளி, ஒரு நாள் ஒன்றுமே இல்லாமல் பாசி மட்டும். ஒரு நாள் மணந்த மணம் அடுத்த நாள் மணக்காது. சாப்பாடு பெரிசில்லை, தேடல்தான் அதன் சீவியம். இங்கே தட்டில் சோறு வைத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நாளுக்கு அதற்கு என்ன வேலை? மோந்து பார்க்கவாவது ஏதாவது இருந்ததா? சாக்கில் சவர்க்காரம், நிலத்தில் சவர்க்காரம், தன் உடம்பை மோந்தாலும் சவர்க்காரம்.

"நான்தானடா," என்றாள் கத்தரீனா நித்திரையாய்க் கிடந்த நாயிடம். "எல்லாத்தையும் நான்தான் கழுவி ஊத்திப்போட்டன்."

கேற் திறந்த சத்தம் கேட்டது. நாகேஸ்வரி அம்மா குடையை மடக்கிக்கொண்டு நின்றா.

"என்ன பிள்ளை, கடல் இஞ்சை வந்திட்டுதோ?"

கத்தரீனா துடித்துப்பதைத்து எழும்பினாள். "குறை நினையாதேங்கோ அக்கா. இப்பவே கழுவிப்போடுறன்."

"உவன் ஏன் அசையாமல் கிடக்கிறான்? செத்துக்கித்துப் போனானோ?"

"நித்திரை அக்கா. காலை நக்காமல் நித்திரை கொள்ளுறான்."

நாகேஸ்வரி அம்மா மூக்கைச் சுளித்தபடி கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தா. "பாவல் கொடியேற இன்னும் பத்து நாள் கிடக்குது. அதுவரைக்கும் வலை அதிலையே கிடக்கட்டும்," என்றுவிட்டு உள்ளே போனா.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் அந்த வளவுக்குள் மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் இல்லை என்பது குடிவந்த அன்று பேசிக்கொண்ட ஒழுங்கு. கத்தரீனா கருவாட்டுத் துண்டைத் தொடவில்லை. தேங்காய்ச் சொட்டைச் சின்னதாக வெட்டி, வலை மடிப்புகளில் ஒளித்து வைத்தாள். சூடை அதையும் தேடியது. வேலிக்கு மேலால் நாகேஸ்வரி அம்மாவின் தலை தெரிந்தது.

"தட்டிலை போட்டால் தின்னானோ? ஏன் பிள்ளை ஒளிச்சு விளையாடுறீர்?"

"தேடித் தின்னத்தான் அவனுக்கு விருப்பம் அக்கா."

நாகேஸ்வரி அம்மா சிரிக்கவில்லை. "எங்கடை அவரும் இப்படித்தான்," என்றா. "வங்கி வேலையிலை பென்சன் எடுத்து வந்து கதிரையிலை குந்தினவர், நகத்தைக் கடிச்சுக் கடிச்சு விரல் எல்லாம் புண். நான் பார்த்தன். இண்டைக்குச் சுன்னாகத்திலை கத்தரிக்காய் வாங்கி வாங்கோ எண்டன். நாளைக்கு மருதனார்மடம். அடுத்த நாள் கொக்குவில். ஒரு கறிக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சந்தை. ரெண்டு மாதத்திலை மனுசன் விரலை விட்டிட்டார். விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார், அதைத்தான் பிறகு நிப்பாட்ட ஏலாமல் போச்சு."

சொல்லிவிட்டு உள்ளே போனவ, பழைய பனையோலைக் கடகம் ஒன்றும் தேங்காய் உரித்த பொச்சு மட்டை ஒரு கட்டும் கொண்டுவந்து வேலியால் நீட்டினா.

"பொச்சுக்குள்ளை செருகி, கடகத்தைக் கவிட்டு மூடும். இந்தா, சூடாமணி."

"சூடை, அக்கா."

"அது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையும் அதுவுமா மீன் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுறீரோ? எனக்கு அவன் சூடாமணி."

எந்தப் பெயரும் நல்ல பெயர் என்று இருந்த நாய், அந்தப் பெயருக்கும் காதை நிமிர்த்தியது.

சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும் மரியரட்ணத்திடம் கத்தரீனா சூடையையும் அனுப்பினாள். "வரேக்கை வேறை ஒழுங்கையாலை வாங்கோ."

"எனக்கோ, நாய்க்கோ?"

"ரெண்டு பேருக்கும்தான்."

பின்னேரம் வந்த மரியரட்ணம், எந்த வீட்டில் மாங்காய் பிடித்திருக்கிறது, எந்த மூலையில் புதிதாய்த் தேத்தண்ணிக்கடை போட்டிருக்கிறார்கள் என்று சாப்பிட்டு முடியும் வரை கதைத்தார். இடுப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"என்ன செய்யிறது கத்தரீ. நான் அந்த மனுசனுக்கு வாக்குக் குடுத்திட்டன். அதோடை வீட்டுக்கார அக்காவும் நாள் குறிச்சவ."

நாகேஸ்வரி அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை கேட்க கத்தரீனா இரண்டு தரம் வேலியடி வரை போனாள். இரண்டு தரமும் திரும்பி வந்தாள். கேட்டால்தானே இல்லை என்று சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று புகை கக்கிக்கொண்டு கேற்றடியில் வந்து நின்றது. ஜெபசீலன் ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு இறங்கினார். கையில் புதுக் கயிறு. முற்றத்தில், கழுவாத வலைக்கு மேலே, சூடை கடகத்தைத் தலையால் பிரட்டிப்போட்டுவிட்டுப் பொச்சு ஒன்றைக் கால்களுக்கு நடுவில் பிடித்து, நார் நாராய் உரித்துக்கொண்டு இருந்தது.

"இவர்தானோ ஆள்? நல்ல வடிவான நாய்," என்றார் ஜெபசீலன்.

மரியரட்ணம் படியில் குந்தியிருந்தார். கத்தரீனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கயிற்றைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். ஆனால் கண் கயிற்றிலேயே நின்றது.

அப்போது முன்வீட்டுக் கதவு திறந்தது.

"ஆர் தம்பி நீர்?"

"உடுப்பிட்டி அம்மா. நாயை ஏத்த வந்தனான்."

"இண்டைக்கு ஏலாது," என்றா நாகேஸ்வரி அம்மா, மரக்கறி இல்லை என்று சொல்கிற மாதிரி. "நான் விடிய எழும்பி ஆறு பொச்சுக்குள்ளை சொட்டு வைச்சிருக்கிறன். மூண்டுதான் முடிச்சிருக்கிறான். தேடி முடியாமல் எங்கை கொண்டுபோறது?"

"அப்ப எப்ப முடியும்?"

"நாளைக்கு வேறை இடத்திலை வைப்பன்."

ஜெபசீலனுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. மரியரட்ணத்தைப் பார்த்தார். மரியரட்ணம் நிலத்தைப் பார்த்தார்.

"தம்பி, வாக்குத் தந்தனான்," என்றார் மெல்ல. "மன்னிக்க வேணும்."

ஜெபசீலன் கயிற்றைக் கையில் சுருட்டினார். "பரவாயில்லை அண்ணை. உண்மையைச் சொன்னால் கொட்டிலடியிலை ஏற்கனவே ஒண்டு கட்டிக் கிடக்குது. இரவு பகல் குலைப்பு. அது சரியில்லையெண்டுதான் இன்னொண்டு தேடினனான்." சூடை பொச்சுக்குள் இருந்து சொட்டை இழுத்தெடுத்ததை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "உந்த வலையிலை அதுக்கும் ஒரு துண்டு வெட்டித் தருவியளோ?"

மரியரட்ணம் இடுப்பில் கை வைக்காமல் எழுந்து கத்தி எடுக்கப் போனார். கத்தரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள்.

"கழுவித் தரவோ தம்பி? வெடுக்கு இருக்கும்."

"கழுவினால் பிறகு என்னத்துக்கு?" என்றா நாகேஸ்வரி அம்மா குறுக்கே. "எரு நாறுறேல்லையோ? உவற்றை வெங்காயம் நாறுறேல்லையோ? கிடக்கட்டும் பிள்ளை."

ஜெபசீலன் வலைத் துண்டை வாங்கி லான்ட்மாஸ்டர் பெட்டிக்குள் போட்டார். புதுக் கயிறு சீற்றுக்குக் கீழே போனது. மரியரட்ணம் அவரோடு கேற் வரை கதைத்துக்கொண்டே நடந்தார், கட்டிக் கிடக்கிற நாயைப் பின்னேரத்திலாவது அவிழ்த்து வரம்போரம் நடத்தச் சொல்லி.

சூடை ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாவது பொச்சு அதன் காலுக்குள் இருந்தது. முன்னங்கால் புண்ணின் ஓரம் கறுத்துக் காய்ந்து வந்திருந்தது.