பன்னிரண்டாவது கூடை

"ஒரு கூடை நாறினாலும் பன்னெண்டையும் கொளுத்துவேன். ஒங் குடும்பத்தையும் தோட்டத்த விட்டு வெரட்டிருவேன்." காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே தம்பையா கங்காணி அழகாயியிடம் சொல்லிவிட்டார்.

பெரிய காய்ச்சலில் மூங்கில் கூடை முடைகிறவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பசறைக்கு மேலேயிருந்த அந்தத் தோட்டத்தில் பெண்கள் கொழுந்தைக் கிழிசல் சாக்கில் சுமந்தார்கள். அது புழுங்கிச் சிவந்தது. தேயிலையை நெருக்கி வளர்ந்த நாயுண்ணிச் செடியை வெட்டி எரிப்பதுதான் அழகாயிக்கு வேலை. அவள் எரிக்கவில்லை. குச்சிகளை அண்டாவில் வேகவைத்து, பட்டை உரித்து, கூடை முடைந்தாள். வேகாத நாயுண்ணிக்கு ஒரு நெடி உண்டு. தேயிலை எந்த நெடியையும் பிடித்துக்கொள்ளும்.

பதினொரு கூடையோடு விறகு தீர்ந்தது. பன்னிரண்டாவது கூடையின் விளிம்புக்குப் பச்சைக் குச்சியையே வளைத்துக் கட்டினாள். காய்ந்தால் நெடி போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை.

இப்போது கொழுந்து நிறுக்கும் இடத்தில் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் ஒவ்வொரு கூடையாக மோந்துகொண்டு வந்தார். பின்னாலேயே கங்காணி, கையில் தீப்பெட்டியோடு.

நாலு. ஐந்து. பச்சை விளிம்புக் கூடை ஒன்பதாவதாக நின்ற ராசம்மாவின் முதுகில் இருந்தது. அழகாயியின் அண்ணன் பெண்டாட்டி. காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள்.

"ஏன்டி இப்பிடிப் பாக்குற? கூடைக்குள்ள பாம்பா இருக்கு?" என்றாள் ராசம்மா.

அழகாயி வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அண்ணியோட கூடை நாறும். மோந்து பாக்க வேணாம்."

கங்காணி சிரித்தார். "பாத்தீங்களாய்யா? அவ வாயாலயே வந்திருச்சு."

"வேகல, அதான் நாறுது. வெந்தது நாறினா கொளுத்துங்க. வெறகு கேட்டு மூணு தடவ ஒங்க வாசல்ல நின்னேனே கங்காணி, என்னா சொன்னீங்க? ஒங் கால வச்சு எரின்னு சொல்லல?"

பெண்கள் அத்தனை பேரும் கங்காணி பக்கம் திரும்பினார்கள். டீமேக்கர் மீதிக் கூடைகளை மோந்தார்.

"மத்த பதினொண்ணுலயும் நெடி இல்ல," என்றார்.

"ஒண்ணு நாறினாலும் எல்லாத்தையும் கொளுத்துறதுன்னுதானேய்யா பேச்சு?"

"நாளைக்கிக் கொழுந்த ஒங்க தலப்பாவுல கட்டிக் கொண்டாறீங்களா கங்காணியாரே?" என்றார் டீமேக்கர்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

ராசம்மாவின் கொழுந்தைப் பாறையில் கொட்டினார்கள். "எம் பேர்ல உள்ள கூலிய இன்னைக்கி அண்ணிக்குப் போடுங்க," என்றாள் அழகாயி. பிறகு வெறுங்கூடையின் விளிம்பைப் பிய்த்து, கங்காணியின் தீப்பெட்டிக் கையில் திணித்தாள்.

"இத மட்டும் கொளுத்துங்க. பச்சக் குச்சி, சும்மா பத்திக்காது. வெறகு வேணும்."