பதில் மட்டும்

நாற்பத்தேழு என்று எண் போட்ட ஒலிப்பதிவில் முதல் மூச்சு கேட்டதுமே அக்காவின் கால் பெடலிலிருந்து தானாக எழுந்துவிட்டது. காலை எடுத்தால் குரல் நின்றுவிடும், அவள் தொழிலின் முதல் பாடம் அது. பேச ஆரம்பிக்கும் முன் மூக்கால் ஓர் இழுப்பு, பிறகு தொண்டையை லேசாக ஒரு செருமல். முப்பத்திரண்டு வருடமாகக் கேட்டுப் பழகிய ஒலி. சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் படுத்துத் தூங்குகிறவள், கூடப் பிறந்த தங்கை.

அக்கா மருத்துவமனையில் தட்டச்சு செய்பவள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக்கொண்டு, காலால் ஓட்டியும் நிறுத்தியும் எழுத்தாக்கித் தருவது வேலை. பத்தொன்பது வருடம். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே புற்றுநோயைப் பற்றிப் பேசும் டாக்டர் ஒருவர் இருக்கிறார். பிஸ்கட்டை விட்டுவிட்டுப் புற்றுநோயை மட்டும் தட்டச்சிட அவளுக்குத் தெரியும். "இடது முழங்கால், இல்லை இல்லை, வலது முழங்கால்" என்று அவர் திருத்தினால் காகிதத்தில் வலது முழங்கால் மட்டும்தான் வரும். கடைசியாகச் சொன்னதுதான் கணக்கு. காதில் விழுவது நேரே விரலுக்குப் போகும், நடுவில் மனசுக்கு வேலையே கிடையாது. யாரோ ஒருவருக்கு ஆறு மாதம்தான் என்று தட்டச்சிட்டுக்கொண்டே வீட்டுக்கு என்ன காய் வாங்கலாம் என்று யோசிப்பாள். கல்நெஞ்சம் என்று யாராவது சொன்னால், எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்பாள்.

தங்கைக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். மூன்று வயதில் வாயைத் திறந்தவள் அப்புறம் மூடவே இல்லை. பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவாள். செருப்புக் கடையில் வேலை. வருகிறவர்களின் காலடியில் மண்டியிட்டு அளவு பார்த்துவிட்டு வந்து, அன்றைக்குப் பார்த்த அத்தனை கால்களின் கதையையும் சொல்வாள். நாள் முழுக்கக் குரல்களைக் கேட்டுக் காது புண்ணாகி வரும் அக்கா, "கொஞ்ச நேரம் அணைச்சு வையேன்டி" என்பாள். அம்மா சிரித்துவிட்டு, "எங்கிட்ட வா, நான் கேக்கறேன்" என்று சின்னவளைக் கட்டிலுக்குக் கூப்பிட்டுக்கொள்வாள். அது அந்த வீட்டின் விளையாட்டாகவே இருந்தது.

அம்மா போனபிறகு ரேடியோவுக்குக் கேட்க ஆள் இல்லை. அவள் பேசியதெல்லாம் அம்மாவைப் பற்றியே இருந்தது இன்னொரு கஷ்டம். அம்மா அப்படிச் சிரிப்பாள், இப்படி மூக்கைச் சுளிப்பாள் என்று அவள் ஆரம்பித்தாலே அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் மாடிப்படியில் அக்கா தன்னை மீறி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டாள். படுக்கையில் கிடந்த அம்மாவுக்குக் கூப்பிடு மணி ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். அமுக்கினால் அக்காவின் அறையில் அடிக்கும். கடைசி மாதம் நாளுக்கு நாற்பது தடவை அடித்தது. ஒரு மதியம், இரண்டே மணி நேரம் தூங்கலாம் என்று அக்கா அதன் பேட்டரியைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டாள். எழுந்து போய்ப் பார்த்தபோது அம்மாவின் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது.

சொல்லி முடித்ததும் அக்கா, "இதை இனிமே நாம பேச வேண்டாம். யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். ரேடியோ தலையாட்டினாள். அன்றிலிருந்து வீடு அமைதியாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்று நினைக்க அக்காவுக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்த ஒரு பெண், காலை நீட்டியபடி, "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று ரேடியோவைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறாள். அவ்வளவுதான் தூண்டில். அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள், பிறகு மூன்று நாள் என்று ரேடியோ 'கூட'த்துக்குப் போக ஆரம்பித்தாள். கூடம் என்றுதான் அவர்கள் சொல்வார்கள், அதற்கு வேறு பெயர் இல்லை. அங்கே தலைமை தாங்குகிறவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். சொந்த அக்கா சோறு போட்டு எதிரே உட்கார்ந்திருக்க, வாய்க்கு வாய் "பெரியக்கா சொன்னாங்க" என்று கேட்பது எப்படியிருக்கும்? பற்றிக்கொண்டுதான் வந்தது. தோழிகள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். கடையிலிருந்தும் நின்றுவிட்டாள். கடைசியில், கூடத்தின் மலை வீட்டுக்கு மூன்று வருடம் போகப்போவதாகச் சொன்னாள். போன் கிடையாது, கடிதம் கிடையாது. வரும் ஞாயிற்றுக்கிழமை வேன் வரும்.

மருத்துவமனையில் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் ஒருவரிடம் மட்டும், மலை வீட்டுப் பேச்சு வரும் முன்பே, அக்கா கூடத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாள். அவருடைய தம்பி இப்படி ஓர் இடத்துக்குப் போய்ப் பதினோரு வருடமாகிறது. "சண்டை மட்டும் போடாதீங்கம்மா" என்றார். "நான் திட்டித் திட்டியே அவனை அங்க கொண்டுபோய் விட்டேன். வெளிய எல்லாரும் எதிரின்னு அவங்க சொல்லிக் கொடுப்பாங்க. நாமளும் எதிரி மாதிரியே நடந்து காட்டுவோம். கதவைச் சாத்திடாதீங்க. அவ ஏதாவது கேட்டா, முடிஞ்சா செய்ங்க."

அதனால்தான், கூடத்துக்குத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்று ரேடியோ வந்து கேட்டபோது அக்கா சரி என்றாள். அங்கே ஒவ்வொருவரும் மனதில் இருப்பதைப் பேசிப் பதிவு செய்வார்களாம். "உனக்குத் தெரிஞ்ச குரல் எதுவும் வராதுக்கா, வேற கிளைப் பதிவுதான்" என்று உறுதி சொன்னாள். கூடவே ஒரு குறிப்புத் தாள் வந்தது. கேட்பவர் பேசுவதைத் தட்டச்சிட வேண்டாம், பதில் மட்டும். அழுகை, மௌனம் வேண்டாம். மாற்றிச் சொன்னால் கடைசியாகச் சொன்னது மட்டும். இரண்டு பிரதி. படித்தபோது அக்காவுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. மருத்துவமனையிலும் இதேதான். நாற்பத்தாறு பதிவுகளை இப்படி முடித்துக் கொடுத்தாள். தங்கையோடு ஒரு நூலாவது அறுபடாமல் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இப்போது நாற்பத்தேழு. உறைமேல் 'அவசரம்' என்று எழுதியிருந்தது.

அக்கா மறுபடி காலை வைத்தாள். முதலில் பெரியக்காவின் குரல், வெண்ணெய் மாதிரி. எந்தக் கிளைப் பதிவானாலும் அதில்தான் ஆரம்பிக்கும். "சொல்லும்மா, நான் கேக்கறேன்." பிறகு ரேடியோ பேசினாள். மணியைச் சொன்னாள். பேட்டரியைச் சொன்னாள். டிராயரைச் சொன்னாள். கட்டைவிரலைச் சொன்னாள். மாடிப்படியில் அக்கா உயிரைப் பிடுங்கிக் கையில் கொடுப்பதுபோலக் கொடுத்ததை, அவள் ஒன்றுவிடாமல் எவளோ ஒருத்தியின் மடியில் கொட்டினாள். பழகிய விரல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தபோது திரையில் அரைப் பக்கம் இருந்தது.

'அக்கா பேட்டரியைக் கழட்டி டிராயர்ல போட்டா. அம்மா மணியை அமுக்கிக்கிட்டே இருந்திருப்பாங்க. அக்காதான் அம்மாவைக் கொன்னா. அவகூட இருக்க எனக்கு இஷ்டமில்ல.'

துரோகி என்று அக்கா வாய்விட்டே சொன்னாள். காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். போகட்டும், மூன்று வருடமல்ல, முப்பது வருடம் போகட்டும், பெட்டியை நானே கட்டித் தருகிறேன் என்று நடையாய் நடந்தாள். முகத்தைக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள். பிறகு, எத்தனை கோபமானாலும் விடாத பழக்கம் ஒன்று அவளுக்கு உண்டு, சரிபார்க்காமல் எந்தப் பக்கத்தையும் மூட மாட்டாள். உட்கார்ந்து முதலிலிருந்து ஓட்டினாள்.

இரண்டாம் தடவை காதில் விழுந்தது விரலுக்குப் போகவில்லை.

"அப்போ அக்காதான் கொன்னாங்கன்னு உனக்குத் தோணுதா?" என்று பெரியக்கா கேட்டாள். "இல்ல" என்றாள் ரேடியோ. "சொல்லப் பயமா இருக்கா?" "இல்ல, அப்படி இல்ல, அவ பாவம், தூங்கவே இல்ல." "அம்மா மேல உனக்குப் பாசம் இருக்கா?" நீண்ட மௌனம். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினெட்டு நொடி. "இருந்தா, நடந்ததை நடந்தபடி சொல்லணும் இல்லையா?" அழுகை. "இல்ல." "இன்னொரு தடவை யோசி." "இல்லங்க." குரல் கொஞ்சம்கூட உயரவில்லை, அவசரப்படவில்லை. முப்பது நிமிடத்துக்குப் பிறகு ரேடியோ களைத்துப்போய் அந்த ஒரு வரியைச் சொன்னாள். 'நல்லது' என்று பெரியக்கா சொல்ல, ரேடியோ குழந்தை மாதிரி விசும்பினாள்.

அத்தனை 'இல்ல'வையும் தூக்கி எறிந்தது அக்காவின் கை. வலது முழங்கால் மட்டும்.

முதுகில் யாரோ தண்ணீரை ஊற்றியதுபோல இருந்தது. இதற்கு முன் நாற்பத்தாறு பேர். அவர்களும் 'இல்ல' என்று சொல்லியிருப்பார்கள். காதில் விழுந்திருக்கும், நிச்சயம் விழுந்திருக்கும். அவள்தான் துடைத்துச் சுத்தமாக்கி, எழுத்துப்பிழை இல்லாமல், இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தங்கையைக் காப்பாற்றுகிறேன் என்று போய் அவர்களுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்கு அவள் நாற்பத்தேழைப் புதிதாகத் தட்டச்சிட்டாள். கேள்வி, பதில், அழுகை, மௌனம் எத்தனை நொடி, மூக்கிழுப்பு, எதையும் விடவில்லை. அரைப் பக்கம் பதினொரு பக்கமானது. முடித்ததும் பெடலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை ரேடியோ அக்காவின் கட்டிலில் துணிகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா தன் மேஜை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பக்கங்களை நீட்டினாள்.

"தெரிஞ்ச குரல் வராதுன்னு சொன்னியேடி."

ரேடியோ வாங்கிக்கொள்ளவில்லை. "நான்தான் உனக்கு அனுப்பச் சொன்னேன். பெரியக்காவும் நல்லதுதான்னாங்க."

"நல்லதா? என் மூஞ்சில துப்பணும்னா நேரா துப்பியிருக்கலாமே!"

"நேர்ல சொன்னா நீ எங்க கேக்கப்போற? அணைச்சு வைன்னு சொல்லுவ." ரேடியோவின் குரலில் கோபமே இல்லை. "காதுல மாட்டிக்கிட்டாத்தான் நீ கேப்ப. வேலைன்னா பாதியில விட மாட்ட. கடைசி வரைக்கும் கேட்டுடுவ. அதான்."

அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை. "அந்த ரெண்டாவது பிரதி எதுக்குடி?" என்று மட்டும் கேட்டாள்.

"யாராவது கூடத்தை விட்டுப் போறேன்னு சொன்னா எடுத்துப் படிச்சுக் காட்டுவாங்க. நாம சொன்னதுதானேக்கா."

"நீ சொன்னது இது. முழுசாப் படி."

ரேடியோ நின்றுகொண்டே படித்தாள். ஐந்தாம் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். விரலை வைத்து ஏதோ எண்ணிக்கொண்டே போனாள்.

"ஏழு தடவை இல்லன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

"ஆமா."

"அப்போ ஏழு தடவை கேட்டிருக்காங்க." நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "நீ ஒரு தடவைகூடக் கேக்கலையேக்கா."

கீழே வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. இப்போது கேட்கிறேன், சொல்லு என்று அக்காவின் தொண்டை வரை வந்தது. சொல்லு, நான் கேக்கறேன். நாற்பத்தேழு தடவை அதே வார்த்தையை அந்த வெண்ணெய்க் குரலில் கேட்டிருக்கிறாள். வேறு வார்த்தை தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அதைக்கூட அவர்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ரேடியோ பதினொரு பக்கத்தையும் நான்காக மடித்துப் பைக்குள், துணிகளுக்கு நடுவில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனாள். ஹாரன் மறுபடி அடித்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கமிருந்து, மூக்கால் ஓர் இழுப்பு கேட்டது. பிறகு லேசாக ஒரு செருமல்.

மேஜைக்கு அடியில் அக்காவின் கால், பெடல் எதுவும் இல்லாத வெறும் தரையை, எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தது.