நகராத மேசை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் சொன்னவன் நான்.

ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். சொல்ல வைத்திருந்ததெல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மீதி நேரத்தை நிரப்ப, "என் அக்கா ஒற்றைக் கையால் ஒரு தச்சு மேசையே செய்து முடித்தாள்" என்று எடுத்துவிட்டேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் இருந்த அக்கா மட்டும் தட்டவில்லை. வெளியே வந்ததும் இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எண்ணு."

"அக்கா, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது..."

"எண்ணுடா."

எண்ணினேன். இடது கையில் ஐந்து, வலது கையில் மூன்று.

"எட்டு விரல் இருக்கு. ரெண்டு கையும் இருக்கு. எழுதறதா இருந்தா உள்ளதை எழுது. இல்லேன்னா என்னை விட்டுடு."

விட்டிருக்கலாம். ஆனால் கைதட்டல் வாங்கியவன் நான். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

2

முதல் தொடக்கம்: "அவளுடைய விரல்கள் போன அன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது."

(மழை இல்லை. நல்ல வெயில். மழை எனக்குத்தான் தேவைப்பட்டது.)

இரண்டாவது தொடக்கம்: "தன் கட்டைவிரலை அவள் கடைசியாகப் பார்த்தபோது அது"

(நிறுத்திவிட்டேன். உங்கள் வயிற்றைக் கலக்கி உள்ளே இழுத்துப்போடுவது சுலபம். அதற்குக் கசாப்புக் கடைக்காரர் போதும்.)

மூன்றாவது, அக்கா ஒப்புக்கொண்டது:

அவள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். பெட்டியின் வடிவத்தில் அட்டையை வெட்ட ஓர் அச்சு வேண்டும். தடித்த பலகையில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் மயிரிழை பிசகாமல் ரம்பத்தை ஓட்டி, வெட்டிய இடத்தில் எஃகுத் தகடுகளைச் சொருகுவார்கள். அதைச் செய்தவள் அவள். ஒருநாள் அப்படி அவள் செய்த அச்சு இயந்திரத்தில் சிக்கிக்கொள்ள, எடுத்துவிடக் கை நீட்டினாள். இயந்திரம் நிற்கவில்லை. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின.

அவ்வளவுதான். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி இந்தக் கதையில் ஒரு சொல் வராது.

3

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளிடம் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: உட்காரு.

மேலாளர் சொன்னார்: "வாசல்ல ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன்மா. வர்றவங்க போறவங்க பேரை எழுதுங்க, போதும்." மாமா (அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக்) சொன்னார்: "இவ்வளவு நாள் நின்னது போதும், உட்காரு." நானும் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை அழகாக மாற்றி எழுதிப் பார்த்தேன், மாறவில்லை. "உட்கார்ந்து டிவி பாருக்கா" என்றுதான் சொன்னேன்.

அவள் உட்காரவில்லை. வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, கைப்பயிற்சிக்காக வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அந்த அறையில், கை அடிபட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி பஞ்சு சுற்றிய கரண்டியும் பஞ்சு சுற்றிய பேனாவும் கொடுத்தார்கள். அக்காவுக்கு எரிச்சல் வந்தது. "ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு மாதிரி போயிருக்கு. எல்லாருக்கும் ஒரே பிடியைக் குடுத்தா?" என்று பயிற்சி தருகிற பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் பாவம், என்ன செய்வாள், சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து, பழைய மாப் கட்டையை அறுத்து, இடது கையால் செதுக்கி, மூன்று விரலுக்குள் அடங்குகிற மாதிரி சமையல் கத்திக்கு ஒரு பிடி போட்டாள். பார்க்க முண்டும் முடிச்சுமாக இருந்தது. ஆனால் அன்று வலது கையால் வெங்காயம் நறுக்கினாள். அடுத்த வாரம் அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய்க் காட்டினாள். நான்கு பேர் தங்களுக்கும் கேட்டார்கள்.

அதில் ஒருத்தி தையல்காரி. கொதிநீர் கொட்டி, வலது கை விரல்கள் உள்ளுக்கு மடங்கிப் போனவள். கத்தரிக்கோலின் வளையத்துக்குள் அவள் விரல் நுழையாது. "மாசக் கடைசி வரைக்கும் என் மெஷினை வேற யாருக்கும் தரமாட்டேன்னு முதலாளி சொல்லியிருக்காரு" என்றாள். அக்கா அவளுடைய கையைத் தன் கைக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பத்து நாள்ல தர்றேன்."

இந்த மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதப் போனேன். வேண்டாம். நானே பின்னால் நினைவுபடுத்துகிறேன்.

4

பிடி செதுக்க வேண்டுமானால் கட்டையை ஏதோ ஒன்று இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அக்காவின் வலது கையால் அது முடியாது. அதனால் தச்சு மேசை ஒன்று தேவைப்பட்டது: கனமான பலகையும், ஓரத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு வைஸும் உள்ள மேசை.

நான் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியில் வந்தது. பெட்டியின் மேல் ஒரு சிரித்த முகத்து மனிதர். பத்து விரலும் இருந்தது. மாமா அரைமணி நேரத்தில் பாகங்களைப் பூட்டி நிறுத்தினார்.

அந்த மேசை அவளுக்கு நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. வைஸ் இடது முனையில் இருந்தது. வலது கைக்காரர்களுக்கு அதுதான் வசதி. அவளோ இப்போது இடது கைக்காரி. வைஸை மறுமுனைக்கு மாற்றலாம் என்று மாமா துளை போட்டார். அந்தப் பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது, பொலபொலவென்று உதிர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அந்த மேசை நடந்தது. அவள் ஒருமுறை இழைத்தால் ஒரு சாண் நகரும். அறையின் இந்தச் சுவரில் தொடங்கினால், கட்டை பாதி வடிவத்துக்கு வரும்போது மேசை அந்தச் சுவரில் இருக்கும். "நான் இழைக்கிறேனா, இதை மேய்க்கிறேனா?" என்பாள்.

ஒன்பதாம் நாள், கத்தரிக்கோல் பிடிக்கான கட்டையில் உளியை வைத்து அழுத்தினாள். மேசை நழுவியது. உளி தாவி, அவள் இடது உள்ளங்கையில் இறங்கியது. நல்ல கையில். ஏழு தையல்.*

* கூட்டத்தில் நான் இதைச் சொல்லவில்லை. மேசை வாங்கிக் கொடுத்தது யார் என்றும் சொல்லவில்லை.

5

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. பஞ்சாயத்து என்றால் மாமாவும் நானும்.

"போதும்" என்றார் மாமா. "இருக்கறதாவது இருக்கட்டும்."

"நானே அதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்க்கா" என்றேன்.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்: "எடுத்துட்டுப் போ. ஆனா நான் நிறுத்தறேன்னு யார் சொன்னா? எனக்கு மேசை நானே செஞ்சுக்கறேன்."

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா?" என்றார் மாமா.

"பின்ன, உங்க கையையா கடன் கேட்டேன்?"

தையல் பிரித்த மறுநாள் மரக்கடைக்குப் போனாள். இடித்த கட்டிடத்திலிருந்து வந்த நிலைச்சட்டங்கள் அங்கே அடுக்கியிருந்தன. கடைக்காரர் அவளைத் தாண்டி மாமாவைப் பார்த்து, "என்ன அளவு சார்?" என்றார். மாமா அக்காவைக் காட்டினார். கடைக்காரர் அக்காவின் கையைப் பார்த்தார். அக்கா அந்தக் கையாலேயே ஒரு சட்டத்தைத் தட்டினாள். "இது வேண்டாம், உள்ளே பூச்சி இருக்கு. அடியில இருக்கறதை எடுங்க." எடுத்தார்கள்.

மேசை செய்ய மேசை வேண்டும். அதுதான் இந்த வேலையில் பெரிய சிக்கல். வாங்கிய மேசை இன்னும் அறையின் மூலையில்தான் நின்றது. மாமா நியாயமாகத்தான் சொன்னார்: "முதல்ல இதுலயே அந்தப் பொண்ணோட கத்தரிக்கோலை முடிச்சுக் குடுத்துடு. நான் மேசையைப் பிடிச்சுக்கறேன். அப்புறம் நிதானமா உன் மேசையைச் செய்."

அக்கா மாட்டேன் என்றாள். தரையில் உட்கார்ந்து, சட்டத்தைக் குதிகாலால் மிதித்துக்கொண்டு அறுத்தாள். ஒரு நாளைக்கு ஒரு வெட்டு, ஒரு துளை. மேசைக் கால் ஒன்றை விரற்கடை குட்டையாக அறுத்துவிட்டாள். ஆப்பு வைத்துச் சமாளிக்கலாம் என்றார் மாமா. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுக் கால் அறுத்தாள். நான்கு நாள் போயிற்று.

இந்த இடத்தில் நான் எழுதியிருந்தது இது: "அவளுடைய பிடிவாதம் மலை போல் நின்றது. யார் சொல்லியும் அவள்"

பக்கத்தை அக்காவிடம் காட்டினேன். படித்தாள். பேனாவை வாங்கி, 'பிடிவாதம்' என்ற சொல்லைக் குறுக்கே அடித்து, மேலே இடது கையால், சரிந்த எழுத்தில் எழுதினாள்: பயம்.

"என்னக்கா?"

"பயம்டா. அந்த மேசைகிட்டப் போனாலே கை நடுங்கிச்சு. இந்தக் கையும் போச்சுன்னா என்ன பண்ணுவேன்? உங்க மாமா பிடிச்சுக்கறேன்னாரு. அவர் பிடிச்சா மட்டும் நடுக்கம் நிக்குமா? வெளியில சொல்ல வாய் வரல. பிடிவாதக்காரின்னே நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"இதை எழுதட்டுமா?"

"எழுதாம? எழுதத்தானே குடுத்தேன்."

6

இதற்கு நடுவில் மாசக் கடைசி வந்து போயிருந்தது.

இதை நான் முதல் வரைவில் விட்டுவிட்டேன். அதில் மேசை நிமிர்ந்தது, அக்கா அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள், கதை முடிந்தது. வாங்குவது எளிது, செய்வது மேன்மை என்று ஒரு வரிகூட இருந்தது. அக்கா முழுதும் படித்துவிட்டு, "தையல்காரி எங்க?" என்றாள்.

"அவ வந்தா கதை வேற பக்கம் போகுதுக்கா."

"போனா போகட்டும். அவ மெஷின் போச்சு. நான் பத்து நாள்னு சொன்னேன், அம்பது நாளாச்சு. அதை விட்டுட்டு என்னைப் பெரிய இவளா எழுதுவே, நாலு பேர் கை தட்டுவான். இன்னொரு தடவை அந்தத் தப்பைப் பண்ணினா நீ என் தம்பியே இல்ல."

சரி, நடந்தது இது. மேசை முடிந்தது. அக்காவின் இடுப்பு உயரம். வைஸ் வலது முனையில். அதைப் புரட்டி நிமிர்த்த மாமா, நான், எதிர்வீட்டுத் தபால்காரர், அக்கா, நான்கு பேர் தேவைப்பட்டோம். (ஆம், உதவி கேட்டாள். "தூக்கறதுக்கு ஆள் கேட்டா என் மேசை இல்லேன்னு ஆயிடுமா?") அவள் முழு பலத்தோடு இழைத்துப் பார்த்தாள். மேசை அசையவில்லை. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார், மரத்தூள் என்றார்.

அக்கா அன்றே தையல்காரிக்குப் போன் செய்தாள். அவள் மறுநாள் மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. மேசையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இதுக்காகத்தான் என் பொழைப்பு போச்சா?"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கை காட்டி நிறுத்தினாள்.

"ஆமா" என்றாள் தையல்காரியிடம்.

அந்த 'ஆமா'வை இருபது விதமாக எழுதிப் பார்த்தேன். தலை குனிந்தபடி, கண் கலங்க, மெல்லிய குரலில். ஒன்றும் சரியில்லை. நேராகப் பார்த்து, சாதாரணமாக, 'ஆமா' என்றாள்.

தையல்காரி பையைத் திறந்து, கத்தரிக்கோலை எடுத்து மேசையின் மேல் டக்கென்று வைத்தாள்.

7

முடிவு கேட்பீர்கள். கைவசம் இருக்கிறது.

ஒன்று: தையல்காரிக்குப் பழைய இடமே கிடைக்கிறது. (பொய்.) இரண்டு: அக்காவும் அவளும் சேர்ந்து ஒரு பட்டறை வைக்கிறார்கள், வாசலில் பெயர்ப்பலகை. (இப்படி ஒரு முடிவை என் பதிப்பாளர் கேட்டார். அவருக்கு மறுத்துச் சொன்ன அதே வார்த்தையை உங்களுக்கும் சொல்கிறேன்: முடியாது.) மூன்று: அவள் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிறாள், அக்கா மேசையின் மேல் தலையைச் சாய்த்து

இல்லை. அக்கா எதன் மேலும் தலையைச் சாய்ப்பவள் இல்லை.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அக்கா மாமாவையும் என்னையும் பார்த்து, "ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றாள். கதவைச் சாத்தினாள். நாங்கள் படிக்கட்டில் நின்றோம். முதலில் தையல்காரியின் குரல், உரக்க. பிறகு அக்காவின் குரல், நெடுநேரம். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பிறகு அரம் ஓடுகிற சத்தம். நிற்கும், ஓடும், நிற்கும். "இங்க உறுத்துது" என்று ஒருமுறை தெளிவாகக் கேட்டது. அரம் மறுபடி ஓடியது.

பயத்தால்தான் தாமதமாயிற்று என்பதை அக்கா அவளிடம் சொன்னாளா? சொன்னாள் என்றால் அவள் மன்னித்தாளா? மன்னிக்க வேண்டும் என்றுதான் என்ன? நான் பிற்பாடு கேட்டேன். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றாள் அக்கா.

எழுதுகிறவன் நினைத்தால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகலாம். சாவித் துவாரம்கூட வேண்டாம். ஒரு வாக்கியம் போதும். என்னிடம் அந்த வாக்கியம் இருக்கிறது, நல்ல வாக்கியம்தான். எழுத மாட்டேன். உங்களுக்கு அவசரம் என்றால் நீங்கள் தட்டிப் பாருங்கள். திறப்பதும் திறக்காததும் அவர்கள் இஷ்டம். திறந்தால் என்ன கேட்பீர்கள் என்பதை மட்டும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அக்கா உங்களை நிற்கவைத்துத்தான் பதில் சொல்வாள்.