வெயிலுக்கு ஒரு ஆயில்

வெயில் ஏறிவிட்டால் அந்த மோட்டார் சைக்கிள் முரண்டு பிடிக்கும். காலையில் பூனை மாதிரி கிளம்பும். நாலு தெரு சுற்றி முடிப்பதற்குள் என்ஜின் அனலாய்க் கொதித்து, கியர் விழ மறுக்கும். அவளோ வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வருகிறவள். நின்று நின்றுதான் ஓட்டியாக வேண்டும். வண்டி அவள் கணவருடையது. பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்த பிறகு, அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

கையும் காலும் மெல்லத் தேறின. பேச்சுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. நினைப்பது ஒன்று, வாயில் வந்து நிற்பது வேறொன்று. தண்ணீர் வேண்டுமென்றால் ‘ஜன்னல்’ என்பார். மகளை ‘டிரைவர்’ என்பார். சிரித்துவிடக் கூடாதே என்று வீட்டில் எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். அதைப் பார்ப்பதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான். டாக்ஸி ஓட்டுகிறவன். அக்கா படும் பாட்டைக் கேட்டதும் தன் காரிலிருந்து ஒரு கேனை எடுத்து வந்தான்.

“இந்த வெயிலுக்குச் சாதா ஆயில் தாங்காதுக்கா, தண்ணியாப் போயிடும். இது என் காருக்கு வாங்கினதுல மீதி. அருமையான சரக்கு. ஊத்திப் பாரு, வண்டி பறக்கும்.”

நாற்காலியில் இருந்த கணவர் இடது கையை வேகமாக ஆட்டினார். “சோப்பு” என்றார். பிறகு சத்தமாக, “சோப்பு! சோப்பு!”

“கையைக் கழுவிட்டு வண்டியைத் தொடச் சொல்றாரு மாமா” என்று தம்பி சிரித்தபடி பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினான்.

அவன் போன பிறகும் அவர் விடவில்லை. அவள் குளியலறையிலிருந்து சோப்பை எடுத்து வந்து நீட்டினாள். அவர் அதைத் தட்டிவிட்டார். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அவள் குனிந்து தேடி எடுத்துவிட்டு, “என்ன வேணும்னு சொல்லத் தெரியலைன்னா பரவாயில்லைங்க” என்றாள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மேம்பாலம் ஏறும்போது என்ஜின் அலறியது. வண்டி மட்டும் நகர மாட்டேன் என்றது. முறுக்க முறுக்கச் சத்தம்தான் கூடியது. ஈரத் தரையில் காலை ஊன்றி ஓடப் பார்ப்பது போல உள்ளே எதுவோ பிடிமானம் இல்லாமல் சுற்றியது. பின்னால் ஹாரன்கள். ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

“சோப்பு” என்றாள், பாலத்தின் ஓரத்தில் தனக்குத்தானே.

எடுத்த ரத்தம் இருந்த ஐஸ் பெட்டியை ஆட்டோவில் லேபுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்து, வண்டியை மெல்ல மெல்ல ஓட்டி வீடு சேர்த்தாள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வழுக்குதுங்க. கிளட்ச் வழுக்குது. அதைத்தானே சொன்னீங்க?”

அவர் தலையாட்டினார். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது.

“நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் மண்டு மாதிரி சோப்பைத் தூக்கிட்டு வந்தேன்.”

அவர் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாய் அவள் கேட்காத சிரிப்பு. அவளுக்கும் அடக்க முடியவில்லை.

சாயங்காலம் தெருமுனை மெக்கானிக் கடைக்கு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் கைத்தடியோடு கூடவே வந்தார். நோய் வந்த பிறகு அவ்வளவு தூரம் நடந்ததில்லை. பாதியில் மூச்சு வாங்க, இருவரும் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

“யாரும்மா கார் ஆயிலை ஊத்தினது?” என்றார் மெக்கானிக். “பைக்ல கிளட்ச் பிளேட்டு ஆயிலுக்குள்ளயே ஊறிக் கிடக்கும். சில கார் ஆயில் பட்டா பிடிக்காது. நல்லவேளை, பிளேட்டு கருகலை.”

“என் தம்பிதான். பாசத்துல ஊத்திட்டான்.”

மெக்கானிக் இரண்டு டப்பாக்களை மேசைமேல் வைத்தார். “வண்டிப் புத்தகத்துல ரெண்டுமே போட்டிருக்கு. இது கொஞ்சம் இளசு, மைலேஜ் தரும். இது கெட்டி, இருபது டபிள்யூ நாற்பது. சூட்டுல சீக்கிரம் இளகாது. எப்படி ஓட்டுவீங்க?”

“நீங்க சொல்லுங்க” என்று அவள் கணவரைப் பார்த்தாள்.

மெக்கானிக்கும் வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தார். கணவர் இரண்டாவது டப்பாவின் மேல் இடது கையை வைத்தார். பிறகு அவளைச் சுட்டிக்காட்டி, வெயிலை அண்ணாந்து பார்த்து, வெகுநேரம் வாயைத் திறந்து மூடி, “நாள்… பூரா” என்றார்.

“நாள் பூரா வெயில்ல ஓடுறாங்களா? அப்ப இதேதான் சார்” என்றார் மெக்கானிக்.

புது ஆயில் ஊற்றியதும் வண்டி பழையபடி இழுத்தது. கணவர் பின் சீட்டைத் தட்டினார். அவளுக்கு உள்ளூரப் பயம்தான். ஆனாலும் பக்கத்து இடங்களுக்கு வண்டியில் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெக்கானிக் தாங்கிப் பிடித்து அவரை ஏற்றிவிட, அவரது இடது கை அவள் இடுப்பை இறுக்கிக்கொண்டது.

தெரு திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்தாள். “வீட்டுக்குப் போலாமா?”

“நாளைக்கு” என்றார் அவர்.

அவள் திருத்தவில்லை. வீட்டுத் தெருவைத் தாண்டி, காற்று வரும் ஆற்றங்கரைச் சாலைக்கு வண்டியை விட்டாள்.