விற்கப்போகிற வண்டிக்குப் பூச்சு

வண்டியைப் பார்க்க வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சுற்றி வந்தார், குனிந்து டயர்களைப் பார்த்தார், எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். கடைசியில் கதவருகே நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"எழுத்து தெரியுதேம்மா."

தெரிந்தது. கதவில் 'ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி' என்று பெரிதாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அவள் சூடேற்றி உரித்தெடுத்திருந்தாள். ஆனால் இத்தனை வருட வெயிலில் சுற்றியிருந்த நீலப் பெயின்ட் வெளுத்துவிட்டது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த நீலம் மட்டும் அப்படியே இருந்தது. உரித்த பிறகும் எழுத்துக்கூட்டி வாசிக்கலாம்.

"பாலிஷ் போட்டு வைங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு வர்றேன். எனக்குப் பிடிச்சிருக்கு. அவதான் கதவைப் பார்த்துட்டு ஏதாவது சொல்லுவா."

அந்தப் பள்ளியை அக்காவும் தங்கையுமாக நடத்தினார்கள். பெரியவள் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பாள், ஆள் சேர்ப்பாள், எதை எங்கே வாங்குவது என்பது வரை எல்லாவற்றையும் முடிவு செய்வாள். சின்னவளுக்கு வண்டிதான். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவளுக்கு 'பிரேக் டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் பயப்படுவதற்கு முன்பே அவள் கால் தன் பக்கத்துப் பிரேக்கில் இருக்கும்.

பெரியவளின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. "ரெண்டு மாசம் இருந்துட்டு வந்துடறேன்" என்று போனவள் திரும்பவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். பள்ளியின் உரிமம் பெரியவள் பேரில் இருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது, "விட்டுடலாமே" என்றாள் போனில். சின்னவள் "சரிக்கா" என்றாள்.

அதிலிருந்து வண்டி வாசலிலேயே நின்றது. எப்போதாவது எடுக்கப் போனால், பழக்கத்தில் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆளில்லை என்று உறைக்கச் சற்று நேரம் பிடிக்கும். இறங்கி, சுற்றி வந்து, மறுபடி ஏறுவாள். இப்படியே எத்தனை நாள் வைத்திருப்பது என்றுதான் விற்பதற்குச் சொல்லி வைத்தாள்.

கார் சாமான் கடையில் ஒரு சுவர் முழுக்கப் புட்டிகள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வண்டி கண்ணாடி போல மின்னியது. சளி பிடித்த குரலில் கடைக்காரர் கேட்டார்.

"கீறலா, மங்கலா?"

"மங்கல். கதவுல ஸ்டிக்கர் தடம் வேற."

"அப்ப முதல்ல காம்பவுண்ட். அது மேல்தோலை லேசா எடுக்கும். ரொம்பத் தேய்ச்சுடாதீங்க, பெயின்ட் போச்சுன்னா அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல. அடுத்தது பாலிஷ். கடைசியா வெயில் மழை தாங்க ஒரு பூச்சு. அதுல ரெண்டு வகை. வேக்ஸ் போட்டா கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்கும், ஒண்ணு ரெண்டு மாசத்துல களைஞ்சுடும். சீலன்ட் அந்த அளவு மினுக்காது, ஆனா ஆறு மாசம் நிக்கும்."

"எது நல்லது?"

"வண்டிய வச்சுக்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா?"

"விக்கத்தான்."

"அப்ப வேக்ஸ் போதும். இன்னொருத்தர் வண்டி மழையில நனையறதுக்கு நீங்க ஏன் கவலைப்படணும்?"

நியாயம்தான். ஆனாலும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஓரமாகப் போய் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"வேக்ஸா சீலன்டா, எதை வாங்கட்டும்கா?"

"சேலையா? எந்தச் சேலை?" பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"சேலை இல்ல. சீலன்ட். வண்டிக்குப் பூசறது."

"இருடி, இவன் வாயில பஞ்சைத் திணிச்சு வச்சிருக்கான். துப்பு, துப்பு... நீயே பார்த்து வாங்கேன்."

இந்த வார்த்தை அக்கா வாயிலிருந்து இதற்கு முன் வந்ததில்லை. ஒரு செருப்புகூட அக்கா சம்மதிக்காமல் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. அதற்காக இருவரும் போட்ட சண்டைகள் கொஞ்சமா? சின்னவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்தபடி நின்றாள். பிறகு வேக்ஸை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு சீலன்டை எடுத்தாள். கடைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு மெத்தென்ற துணிகளையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை வண்டியைக் கழுவித் துடைத்து நிழலில் நிறுத்தினாள். யார் கண்ணிலும் படாத கீழ்மூலையில் முதலில் தேய்த்துப் பார்த்துவிட்டு எழுத்துக்கு வந்தாள். "மெதுவா... அவசரமில்ல... பார்த்து" என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்து நடுங்கியவர்களிடம் நாள் முழுக்கச் சொன்ன வார்த்தைகள். யாரிடம் சொல்கிறோம் என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டாள். துணி உரசும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

'பள்ளி' சீக்கிரம் போனது. 'பயிற்சி' மெல்லக் கரைந்தது. 'ஓ' மட்டும் அடம்பிடித்தது. துணியில் இறங்கிய நீலம் கூடிக்கொண்டே போனதைப் பார்த்துப் பயந்து கையை எடுத்துவிட்டாள். பாலிஷ் போட்டு, கடைசியில் சீலன்டைப் பூசி, இடுக்குகளில் வெள்ளையாகக் காய்ந்ததைப் பல்குச்சியால் எடுத்தாள். கை விட்டுப்போயிற்று. இரவு சோற்றைப் பிசையவே வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மூக்குக்கண்ணாடிக்காரர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் பானெட்டில் விரலை ஓட்டி, "வழுக்குதே" என்றாள்.

ஓட்டிப் பார்க்கப் போனார்கள். அவர் ஓட்டினார், சின்னவள் பக்கத்தில், மனைவி பின்னால். கற்றுக்கொடுப்பவருக்கான பிரேக்கை மெக்கானிக் முன்பே கழற்றிவிட்டிருந்தார். ஆனாலும் முச்சந்தி வந்ததும் சின்னவளின் கால் வெறும் தரையை அழுத்தியது.

"அவர் ஓட்டறது பயமாயிருக்கா?" என்றாள் பின்னாலிருந்தவள்.

"இல்லம்மா. கால் சும்மா இருக்க மாட்டேங்குது."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "நான் இத்தனை வருஷமா பின்னாடி உட்கார்ந்து அதைத்தான் செய்யறேன்" என்றாள். அவர், "நான் இங்கதான் இருக்கேன்" என்றார். மூவரும் சிரித்தார்கள். வண்டிக்குள் பேச்சுக்குரல் இருப்பது சின்னவளுக்கு நன்றாக இருந்தது. இன்னும் ஒரு தெரு சுற்றினால் தேவலை என்றிருந்தது.

இறங்கியதும் சாய்ந்த வெயிலில் அந்த அம்மாள் கதவைக் கவனித்தாள். "'ஓ'ன்னு என்னவோ இருக்கே."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர்.

பணத்தை வாங்கிக்கொண்டு, சாவியோடு மிச்சமிருந்த சீலன்டையும் துணியையும் சின்னவள் கொடுத்தாள். "ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை போடுங்க. நிழல்ல வச்சுத்தான் போடணும். காக்கா எச்சம் பட்டா ஊற விடாதீங்க." இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. வண்டி திருப்பத்தில் மறையும் வரை நின்றுவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள்.

இருட்டியதும் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"குடுத்துட்டியா?"

"குடுத்தாச்சு."

"எழுத்து போச்சா?"

"நேரா பார்த்தா தெரியாது."

"உனக்கு எப்படிடி இருக்கு?"

"சாப்பிட்டேன்கா."

"இங்க வந்து இருன்னு சொல்லலாம். இங்க இருக்கிற ஒரு ரூம்ல..."

"தெரியும்கா. அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

"இவன் போனைப் பிடுங்கறான். இந்தா, சித்திப் பாட்டிகிட்ட பேசு."

பேச்சு வராத வயது. ஈரமான மூச்சு மட்டும் கேட்டது. சின்னவள் குழந்தையின் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மூச்சு நின்று, மறுபடி வந்தது. பிறகு போன் எதன் மேலோ விழுந்தது. குழந்தை தவழ்ந்து போய்விட்டது போலும். தூரத்தில் குழாய் திறந்தது, பாத்திரம் உருண்டது. அக்கா யாரிடமோ, "ஜன்னலைச் சாத்து, கொசு வருது" என்றாள். யாரோ "சாத்திட்டேன்மா" என்றார்கள். போனை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

சின்னவள் துண்டிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்தபடி, அந்த வீட்டில் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.